மூளை தானே கொடுக்கும் குரல்

தலையில் பலமாக அடிபட்டாலோ பக்கவாதத்தில் ரத்த ஓட்டம் தடைபட்டாலோ, சேதம் அந்த நொடியோடு முடிந்துவிடுவதில்லை. பாதிக்கப்பட்ட செல்கள் குளூட்டமேட் என்ற வேதிப்பொருளைக் கொட்டத் தொடங்குகின்றன. ஒரு நரம்பு செல்லிலிருந்து அடுத்ததற்குச் சேதி கொண்டுபோவது அன்றாடம் இதே குளூட்டமேட்தான். அளவு மீறினால் சேதி வாங்கும் செல்லுக்குள் கால்சியம் மளமளவென்று புகுந்து, நொதிகளைக் கிளப்பிவிட்டு, உள்ளிருந்தே அதைக் கொல்கிறது. மணிக்கணக்கில், சிலருக்கு நாள்கணக்கில்கூட இந்தச் சேதம் தொடரும்.

இதற்கு மூளையிடமே ஒரு தற்காப்பு உண்டு. தொட்டி நிரம்பியதும் மொட்டைமாடியிலிருந்து “மோட்டாரை நிறுத்து” என்று கீழே குரல் கொடுப்போமே, அந்த மாதிரி. சேதி வாங்கும் செல் தன் சவ்விலுள்ள கொழுப்பிலிருந்து 2-ஏஜி, ஆனந்தமைடு போன்ற பொருள்களை அப்போதைக்கப்போது தயாரிக்கிறது. முக்கியமாக 2-ஏஜி, சேதி அனுப்பும் செல்லை நோக்கிப் பின்னால் போய் அங்குள்ள சிபி1 ஏற்பியில் ஒட்டிக்கொள்ளும். உடனே குளூட்டமேட் வரத்து குறையும். வேலை முடிந்ததும் நொதிகள் அதைச் சிதைத்துவிடும். கஞ்சாவிலுள்ள டிஎச்சி போய் ஒட்டுவதும் இதே ஏற்பியில்தான்.

2001இல் ஜெருசலேம் ஹீப்ரு பல்கலைக்கழகத்தின் எஸ்தர் ஷொஹாமி, ரஃபேல் மெச்சூலம் குழு இதைச் சுண்டெலிகளில் சோதித்தது. தலைக்காயத்துக்குப் பிறகு மூளையில் 2-ஏஜி கூடியிருந்தது. வெளியிலிருந்தும் அதைச் செலுத்தியபோது வீக்கம் குறைந்தது, எலிகள் நன்றாகத் தேறின. 2003இல் வெளியான மற்றோர் ஆய்வில், முன்மூளை செல்களில் சிபி1 நீக்கப்பட்ட எலிகளுக்கு வலிப்பைத் தூண்டியபோது, வலிப்பும் செல் சேதமும் கடுமையாயின.

“அப்படியானால் கஞ்சா மூளைக்கு நல்லதுதானே?” என்று கேட்பவர்கள் உண்டு. இல்லை. மூளை தன் மருந்தை ஆபத்துள்ள இடத்தில் மட்டும், வேண்டிய அளவு, சிறிது நேரத்துக்குச் சுரக்கிறது. புகையில் வரும் டிஎச்சி மூளை முழுக்கப் பரவி மணிக்கணக்கில் தங்கும். மற்ற நரம்பு செல்களின் கிளர்ச்சியை அடக்கும் செல்களிலும் சிபி1 இருப்பதால் அவற்றின் வேலையையும் குலைக்கும். வளரும் வயதுப் பிள்ளைகளுக்கு இது நினைவாற்றலையே பாதிக்கலாம்.

அதனால்தான் ஆய்வாளர்கள் வேறு வழியிலும் முயல்கிறார்கள். 2-ஏஜியைச் சிதைக்கும் நொதியைச் சற்றுத் தாமதப்படுத்தினால், மூளை தானே தேர்ந்தெடுத்த இடத்தில் அந்தப் பாதுகாப்பு இன்னும் கொஞ்ச நேரம் நீடிக்கும். எலிகளில் பலித்தது மனிதர்களிடமும் பலிக்கும் என்று இன்னும் நிரூபணமாகவில்லை. ஆனாலும் உடலின் சொந்த ஏற்பாட்டுக்குத் துணைபோகும் இந்த வழி, பொறுமையாகத் தொடர வேண்டிய வழி.