புளூடூத் பிணக்கும் அது தீர்க்கும் வகையும்

கம்பியின்றிக் கருவிகளைக் கணினியோடு பிணைக்கும் புளூடூத் என்னும் ஏற்பாடு மாணவர் விடுதிகளில் வழங்காத அறை இன்று அரிது. செவியில் அணியும் ஹெட்போன், கையால் உருட்டும் மௌஸ், எழுத்துப் பொறிக்கும் கீபோர்டு ஆகிய யாவும் அதனாற் பிணைப்புண்டு நிற்கின்றன. பிணைப்பு நிலைத்திருக்குங்கால் அதனை நினைப்பார் ஒருவரும் இலர். அறுந்தபொழுதோ, கணினியை மும்முறை அணைத்து ஏற்றுவோரும், ஹெட்போனைக் குலுக்கிப் பார்ப்போரும், புதியதொன்று வாங்கக் காசு தேடுவோருமாக நம்மவர் பலதிறப்படுவர். அவ்வறுதல் ஒரு நோயன்று, இருவேறு நோய்கள் என்பதனையும், இன்னதெனத் தெளிந்த பின்னரே கைவைத்தல் வேண்டும் என்பதனையும் விளக்கவே யாம் இதனை எழுதப் புகுந்தோம்.

இத்துணை விரித்தற்குரிய பொருளோ இது எனச் சிலர் வினவலாம். கண்ணுடையார்க்கு அது சிறிய இடையூறே. ஒருநாட் பாட்டுக் கேட்டல் தடைப்படும், அவ்வளவே. ஆயின் எம்மொடு பயிலும் நண்பர் ஒருவர் கண்ணொளி இல்லாதவர். திரையிலுள்ள எழுத்தைக் குரலாக்கிப் படிக்கும் என்.வி.டி.ஏ. என்னும் மென்பொருளின் வாயிலாகவே அவர் செய்யுளும் உரையும் கற்கின்றார். படிப்பு மண்டபத்தில் பிறர்க்கு இடையூறின்றிக் கேட்டற்கு அவர்க்கு ஹெட்போன் வேண்டும். அது பிணையாத நாளில் அவர்முன் உள்ள நூல்கள் யாவும் மூடிய நூல்களே.

பெயர்க்காரணம் ஒன்று கூறி மேற்செல்வாம். பத்தாம் நூற்றாண்டில் டென்மார்க்கை ஆண்ட ஹரால்டு என்னும் அரசனுக்கு 'நீலப்பல்லன்' என்பது பட்டப்பெயர். புளூடூத் என்னுஞ் சொல்லின் பொருளும் அதுவே. கணினியையும் கைபேசியையும் ஒன்றுசேர்க்கும் ஏற்பாட்டிற்கு, சிதறிக்கிடந்த மக்களை ஒன்றுசேர்த்த அவ்வரசன் பெயரை இடலாம் என 1997-இல் இன்டெல் நிறுவனத்து ஜிம் கார்டாக் என்பார் மொழிந்தார். 1998-இல் எரிக்சன், இன்டெல், ஐ.பி.எம்., நோக்கியா, தோஷிபா ஆகிய ஐந்து நிறுவனங்கள் கூடி அமைத்த சங்கத்தால் அப்பெயர் நிலைபெற்றது. டேனியரைக் கிறிஸ்தவராக்கியது தன் செயலென ஜெல்லிங் என்னும் ஊரில் அவன் நாட்டிய கல்லிற் பொறிக்கப்பட்டிருத்தலின், நம் கல்லூரிக்கு இப்பெயர் முற்றும் அயலன்று!

நிற்க. நோயிரண்டெனக் கூறினோம். கணினியிலுள்ள புளூடூத் உறுப்பே எழாது கிடத்தல் ஒன்று. உறுப்பு நன்கிருந்தும் ஹெட்போனோடு அதற்கிருந்த உடன்படிக்கை கெட்டுப் போதல் மற்றொன்று. இவ்விரண்டனையும் பிரித்தறிதல் எளிது. அந்த ஹெட்போனை ஒரு கைபேசியோடு பிணைத்துப் பார்க்க. வேறொரு கருவியை அந்தக் கணினியோடு பிணைத்துப் பார்க்க. கணினியோடு எதுவுமே பிணையாதாயின், அல்லது அமைப்புப் பக்கத்திற் புளூடூத் என்னும் பொத்தானே காணப்படாதாயின், நோய் முதலாவது. பிற கருவிகள் பிணைய இஃதொன்று மட்டும் மறுக்குமாயின், இரண்டாவது. இச்சோதனை செய்யாமலே டிரைவரை அழித்தும் ஏற்றியும் பொழுது போக்குவார் மிகப் பலர்.

முதல் நோயைக் காண்பாம். கணினியினுள் ஒரு சிற்றட்டை உளது. விண்டோஸ் முதலிய இயங்குதளத்தின் மொழியை அவ்வட்டையும், அட்டையின் மொழியை இயங்குதளமும் அறியா. இடைநின்று இருவர்க்கும் உரைக்கும் துபாஷியே டிரைவர். துபாஷித் தொழிலோடு வேறொரு தொழிலும் அதற்குண்டு. இக்காலத்து அட்டைகள் பலவற்றின் சில்லு, மின்சாரம் நின்றவுடன் தன் பாடத்தின் பெரும்பகுதியை மறந்துவிடும். ஏற்றுந்தோறும் டிரைவரே அப்பாடத்தை மீண்டும் ஓதி அதனை எழுப்புதல் வேண்டும். ஓதுதல் இடையில் முறிந்தால் சில்லு விழித்ததுமாகாது உறங்கியதுமாகாது மயங்கிக் கிடக்கும்.

ஈண்டுப் பலர் மயங்கும் இடம் ஒன்று உண்டு. மடிக்கணினியில் வைஃபையும் புளூடூத்தும் ஒரே அட்டையில் உள்ளன. வைஃபை செவ்வனே நடைபெற, புளூடூத் மட்டும் மறைவானேன்? அட்டை ஒன்றாயினும் வழி இரண்டு. பெரும்பாலான அட்டைகளில் வைஃபை செல்லும் வழி பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ், புளூடூத் செல்வதோ யூ.எஸ்.பி. வழி. ஒரு வீட்டிற்கு இரு வாயில் இருந்து ஒன்று அடைபட்டாற் போல்வது இது. ஆகலின் வைஃபை நடைபெறுதல் கொண்டு டிரைவர் யாவும் நலமெனத் துணிதலும், புளூடூத் மறைந்தமை கொண்டு அட்டை இறந்ததெனத் துணிதலும் ஒருங்கே பிழையாம்.

மேற்கூறிய நண்பர்க்கு நேர்ந்ததும் இதுவே. தேர்வுக்கு ஒன்பது நாள் இருக்கையில் அவருடைய மடிக்கணினியிற் புளூடூத் பொத்தான் மறைந்தது. பழுது பார்க்கும் கடையொன்றில், அட்டையை மாற்றவேண்டும், பொருள் வரப் பத்துநாட் செல்லும் என்றனர். யாம் டிவைஸ் மேனேஜர் என்னும் பக்கத்தைத் திறந்து நோக்கினோம். புளூடூத் என்னுந் தலைப்பே அங்கில்லை, ஆனால் யூ.எஸ்.பி. வரிசையின் கீழ், இன்னதென அறியப்படாத கருவியொன்று மஞ்சள் முக்கோணக் குறியுடன் நின்றது. அதன் விவரத்தில் 43 என்னும் எண் இருந்தது. கருவி தானே குறைகூறியமையால் விண்டோஸ் அதனை நிறுத்தி வைத்தது என்பது அவ்வெண்ணின் பொருள். (10 என்னும் எண் காணப்படின், கருவி தொடங்கவே இயலவில்லை என்பது பொருள், அங்கே முதலில் ஐயுறற்பாலது டிரைவர்.) அட்டை இறந்திருப்பின் பெரும்பாலும் அவ்வளவு குரலும் எழுந்திராது; அது மயங்கிக் கிடந்தது என்றே யாம் கொண்டோம்.

மயக்கம் தெளிய மின்சாரம் முழுவதும் நிற்றல் வேண்டும். கணினியை அணைப்பதே போதாதோ எனின், போதாது. 2012-இல் வெளிவந்த விண்டோஸ் 8 முதலாக விரைவுத் தொடக்கம் என்னும் ஏற்பாடு உளது. அதன்படி ஷட்டவுன் செய்யுங்கால் இயங்குதளத்தின் உள்ளுறுப்பு, டிரைவர்களின் நிலையோடு வட்டில் எழுதி வைக்கப்பட்டு, மறுமுறை அந்நிலையிலேயே எழுப்பப்படும். ரீஸ்டார்ட் என்பதே டிரைவர்களைப் புதிதாகத் தொடங்குவது. பெயர் நோக்கின் இது தலைகீழாகத் தோன்றும். அதனாலும் தெளியாதாயின், ஷிப்ட் விசையை அழுத்திக்கொண்டு ஷட்டவுன் செய்து, சார்ஜரைக் கழற்றி, மின்பொத்தானை முப்பது வினாடி அழுத்திப் பிடித்தல் நலம். யாம் அவ்வாறு செய்து ஏற்றியதும் மஞ்சட் குறி நீங்கிப் புளூடூத் தன் தலைப்பின்கீழ் வந்து நின்றது. நண்பர் அன்று மாலையே படிப்பு மண்டபம் சென்றார்.

எழுப்பியும் எழாதாயின் டிரைவரை மாற்றுக. மடிக்கணினியின் மாதிரி எண் அதன் அடிப்புறத்திற் பொறிக்கப்பட்டிருக்கும். அவ்வெண்ணிற்குரிய டிரைவரை அதனைச் செய்த நிறுவனத்தின் தளத்திலிருந்தே பெறுதல் முறை. எல்லா டிரைவர்களையும் தாமே புதுப்பிப்பதாகக் கூறிவரும் மென்பொருள்களை யாம் நம்புவதில்லை. ஒரு சொல் மாறி மொழிபெயர்க்கும் துபாஷி, துபாஷி இல்லாமையினும் தீயவன். டிரைவரில் மின்சிக்கனம் பற்றிய பகுதி இருப்பின், கருவியை அணைத்துக்கொள்ள இசைவளிக்கும் குறியை நீக்குக. இடையிடையே அறுந்து போகும் மௌஸ்கள் பல இதனால் திருந்தும்.

இனி இரண்டாம் நோய். பிணைத்தல் என்பது இரு கருவிகள் தமக்குள் மறைவான சாவியொன்று வகுத்துக்கொள்ளுதலாம். யோர்தான் துறையில் ஷிபோலேத் என்னும் சொல்லைக் கூறச்செய்து கீலேயாத்தியர் அயலாரைத் தெரிந்தனர் அன்றோ? அச்சொல் வாய்விட்டுக் கூறப்பட்டது. 2007-இல் வந்த 2.1 என்னும் பதிப்புக்குப் பின்னர்ப் புளூடூத்தின் சாவி அவ்வாறு கூறப்படுவதன்று. இருபாலும் தனித்தனியே கணித்து ஒரே முடிவை அடைந்து, 128 பிட் அளவினதாகிய அதனைத் தத்தம் நினைவிற் பதித்துக்கொள்ளும். இருபுறமும் திரையுள்ளவழி ஆறிலக்க எண் ஒன்று தோன்றும். இரண்டும் ஒக்கின்றனவா எனப் பார்த்து இசைதல் வேண்டும். கீபோர்டாயின், திரையிற் கண்ட எண்ணைப் புதிய கீபோர்டிலேயே தட்டி என்டர் விசையையும் அழுத்துதல் வேண்டும். அவ்விறுதி விசையை மறந்து காத்திருப்போரை யாம் கண்டுளோம். பழைய கருவிகள் 0000 அல்லது 1234 என்னும் எண்ணைக் கேட்கும்.

சாவி இருபுறமும் உளது என்பதே இங்கு மருந்தின் மூலம். ஒருபுறம் அழிந்து மறுபுறம் நிலைத்திருப்பின், கணினி 'பிணைந்தது' என்னும், 'தொடுத்தல் இயலவில்லை' என்றும் கூறும். கணினியில் மட்டும் அக்கருவியை நீக்கி மீளப் பிணைப்பார்க்குச் சிலபொழுது பயன் விளையாமைக்குக் காரணம் இதுவே. ஹெட்போன் தன் பழைய சாவியை விடாது பற்றியிருத்தல் கூடும். இருபுறமும் மறக்கச் செய்க. ஹெட்போனில் அதற்குரிய பொத்தான் வரிசை அதனுடன் வந்த தாளில் உளது. ஆதலின் அத்தாளை எறியற்க. ஹெட்போனை ஏற்றுதல் வேறு, பிணைத்தற்கு ஆயத்தமாக்குதல் வேறு; விளக்கு விட்டுவிட்டு ஒளிரும்வரை பொத்தானை அழுத்திப் பிடித்தால் அன்றிக் கணினி அதனைக் காணாது. அன்றியும், பைக்குள் கிடக்கும் கைபேசி அதனை முந்தித் தன்பாற் பற்றியிருத்தலும் உண்டு.

ஒரே கணினியில் விண்டோஸும் லினக்ஸும் வைத்திருப்பார்க்குப் பிறிதொரு தொல்லை உளது. அட்டை ஒன்றாகலின் அதன் முகவரியும் ஒன்றே. விண்டோஸில் மௌஸைப் பிணைத்தால் ஒரு சாவி. பின் லினக்ஸிற் பிணைத்தால் வேறொரு சாவி. மௌஸோ அம்முகவரிக்குப் பிந்திய சாவியையே போற்றி முந்தியதை மறக்கும். ஆகவே தளம் மாறுந்தோறும் பிணக்கு நேர்கின்றது. ஒரு தளத்தில் வகுத்த சாவியை மற்றதிற் படியெடுத்து வைத்தலே இதற்குத் தீர்வு. லினக்ஸ் அதனைக் கோப்பாக வைத்திருத்தலின், விண்டோஸ் பதிவேட்டிலுள்ள சாவியை அங்கே எழுதுவாருளர். கைப்பழக்கம் உடையார் மட்டுமே அதனிற் புகுக.

வானிற் குழப்பமும் உண்டு. 2402 முதல் 2480 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள 79 வழிகளில் வினாடிக்கு 1600 முறை தாவித் தப்பிச் செல்லுமாறு புளூடூத் அமைக்கப்பட்டிருந்தும், அருகே செருகிய யூ.எஸ்.பி. 3 வட்டு எழுப்பும் இரைச்சல் அதனைக் கெடுக்கும். வட்டைச் சற்றே தள்ளி வைத்தல் போதும்.

எஞ்சியது ஒன்று. ஹெட்போன் பிணைந்தும் குரல் மங்கிக் கிணற்றினுள்ளிருந்து வருவது போல ஒலிப்பின், டிரைவரைக் குறைகூற வேண்டா. இணைய வகுப்பில் ஹெட்போனின் மைக்கைப் பயன்படுத்தும்பொழுது, இசைக்குரிய வழியை விட்டு உரையாடலுக்குரிய குறுகிய வழியில் ஒலி செல்கின்றது. திரைபடிக்கும் குரலையே நம்பியிருப்பார்க்கு இது பெருந்துன்பம். ஒலியமைப்பில் மைக்காக மடிக்கணினியின் சொந்த மைக்கைத் தெரிந்து வைத்தால், செவியில் வரும் குரல் மீண்டும் தெளியும்.