தோட்டாவுக்கு எந்த மருந்து?

குன்னூரிலிருந்து ஊட்டிக்கு மலை ரயிலில் சென்றவர்கள் வெலிங்டனை அடுத்து அரவங்காடு ஸ்டேஷனைப் பார்த்திருப்பீர்கள். அங்கேதான் நூறாண்டுக்கும் மேலான கார்டைட் ஆலை இருக்கிறது. கார்டைட் என்பது 1889இல் இங்கிலாந்தில் கண்டுபிடிக்கப்பட்ட புகையில்லா வெடிமருந்து. அதைக் கயிறுபோல் இழுத்துச் செய்ததால்தான் அந்தப் பெயர். ரைஃபிளுக்கு மெல்லிய இழை, பீரங்கிக்குத் தடித்த கயிறு. சரக்கு ஒன்றுதான், தடிமன்தான் வேறு. சுள்ளி சட்டென்று எரிந்துவிடும், கட்டை நின்று எரியும் என்பது விறகடுப்பு ஊதியவர்களுக்குத் தெரியாததா?

இந்த விஷயம் எனக்கு இப்போது நினைவுக்கு வரக் காரணம் என் மாப்பிள்ளை. அவர் டெக்சாஸில் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் கிளப்புக்குப் போய் 9 மில்லிமீட்டர் பிஸ்டலால் குறி பார்த்துச் சுடுவது அவருடைய பொழுதுபோக்கு. பயிற்சிக்குத் தோட்டா நிறைய ஆகும். எனவே அங்கே பலர் சுட்ட பித்தளைக் கூட்டைப் பொறுக்கி, புது பிரைமரும் மருந்தும் குண்டும் வைத்துத் தாங்களே தோட்டா செய்துகொள்கிறார்கள். அங்கே அது சட்டப்படி சரி. நம் நாட்டில் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம். ஆகவே இதைப் படித்துவிட்டு யாரும் இங்கே முயல வேண்டாம்.

"மாமா, எந்த மருந்து வாங்கினால் சிக்கனம்?" என்று அவர் போனில் கேட்டார். நான் ரயில்வேயில் காலம் கழித்தவன், துப்பாக்கியைத் தொட்டதில்லை. ஆனாலும் அழுத்தம், எரிதல் என்றால் ஓர் ஆர்வம் வந்துவிடும். மருந்துக் கம்பெனிகள் வெளியிடும் அட்டவணைகளை வரவழைத்துப் படித்தேன்.

பிஸ்டல் குழல் நாலைந்து அங்குலம்தான். குண்டு அதைக் கடக்க ஒரு விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட ஆகாது. அதற்குள் மருந்து எரிந்து முடிய வேண்டும். அதனால் பிஸ்டலுக்கு வேகமாக எரியும் மருந்து, அதுவும் மிகச் சிறிய அளவில். அளவை கிரெய்ன் கணக்கு. 7,000 கிரெய்ன் ஒரு பவுண்டு. அழுத்தமோ சாமானியமல்ல. 9 மில்லிமீட்டர் தோட்டாவுக்கு அமெரிக்கத் தரநிலை அனுமதிக்கும் உச்சம் சதுர அங்குலத்துக்கு 35,000 பவுண்டு. நம்முடைய டபிள்யூ.பி. நீராவி என்ஜின் கொதிகலன் 210 பவுண்டில் ஓடியது!

விலையை மட்டும் பார்த்தால் 'டைட்குரூப்' போன்ற நெருக்கமான மருந்துதான் லாபம். கொஞ்சம் போட்டால் போதும், அளவைக் கருவியில் சீராகவும் விழும். ஆனால் அந்தக் கொஞ்சத்திலேயே வில்லங்கமும் இருக்கிறது. கை தவறி ஒரே கூட்டில் இரண்டு முறை கொட்டினாலும் 9 மில்லிமீட்டர் கூடு அதை உள்ளே வாங்கிக்கொள்ளும். மேலே குண்டை அழுத்திவிட்டால் வெளியே ஒன்றும் தெரியாது. சுடும்போது துப்பாக்கியே கையில் வெடிக்கலாம்.

'.38 ஸ்பெஷல்' தோட்டாவில் இந்த ஆபத்து இன்னும் அதிகம். 1898இல் அது கரிமருந்துக்காகப் பிறந்தது. சுமார் 21 கிரெய்ன் கொள்ளும் கூடு. இன்றைய வேக மருந்து மூன்று கிரெய்ன் அளவு போட்டால் அடியில் பொட்டுபோல் கிடக்கும். மூன்று மடங்கு போட்டாலும் வழியாது.

'யூனிக்' என்று ஒரு பழைய மருந்து உண்டு. செதில் செதிலாக, உப்பலாக இருக்கும். 9 மில்லிமீட்டர் கூட்டில் அட்டவணைப்படி ஒரு முறை போட்டாலே பாதிக்கு மேல் வந்துவிடும். இரண்டாவது முறை போட்டால் மேஜையில் கொட்டும். குறையும் உண்டு: செதில் என்பதால் கருவியில் ஒரே சீராக விழாது, குழலில் கரியும் சற்று அதிகம். நான் மாப்பிள்ளைக்கு இதைத்தான் சொன்னேன்.

பழைய கைகாட்டி சிக்னலில் இழுக்கும் கம்பி அறுந்துவிட்டால், எதிர் எடையின் பாரத்தால் கை தானாகவே 'நில்' என்ற நிலைக்கு வந்துவிடும். வேகுவம் பிரேக்கில் குழாய் கழன்றால் வண்டி நின்றுவிடும். மனிதன் தவறுவான் என்று வைத்துக்கொண்டே அவற்றைச் செய்தார்கள். வழியும் மருந்தும் அந்த ஜாதி.

மாப்பிள்ளை சிறிது நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: போன மாதம் மருந்து போடும்போது போன் மணி அடித்ததாம். திரும்பி வந்து எந்தக் கூட்டில் விட்டோம் என்று தெரியாமல் உத்தேசமாகத் தொடர்ந்தாராம். அந்த ஐம்பது தோட்டாவும் டப்பாவில் இருக்கிறதாம். எடை போட்டுப் பார்க்கலாமா என்றார். பயனில்லை என்றேன். கூட்டுக்குக் கூடு, குண்டுக்குக் குண்டு உள்ள எடை வித்தியாசத்திலேயே அந்தச் சிறு மருந்து மறைந்துவிடும். ஐம்பதையும் பிரித்துப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.

இரண்டு மாலை உட்கார்ந்து பிரித்தார். நாற்பத்தொன்பது சரியாக இருந்தன. ஒன்றில் இரட்டை மருந்து. இப்போது குண்டு வைக்கும் முன் ஐம்பது கூட்டையும் தட்டில் நிறுத்தி, டார்ச் அடித்து ஒவ்வொன்றாகப் பார்க்கிறார். போனை அடுத்த அறையில் வைத்துவிடுகிறார். என் மகள் ஃபோன் செய்தால்கூட எடுப்பதில்லை என்று அவளுக்குத்தான் கோபம்.