ஐம்பத்திரண்டு வாரக் கதை

கார்ட்டூன் படம் என்றவுடனே பூனை எலியைத் துரத்துவதும், மலையுச்சியிலிருந்து விழுந்தவன் மறுகணமே தூசியைத் தட்டிக்கொண்டு எழுந்து ஓடுவதுமான காட்சிகளே நம் கண்முன் தோன்றும். ஜப்பானியத் தொலைக்காட்சியிலோ ஞாயிறுதோறும் இரவு ஏழரை மணிக்கு வேறு வகையான கார்ட்டூன் ஒன்று பல்லாண்டுகள் ஓடியது. அதில் எவரும் எவரையும் துரத்தவில்லை. உலகச் சிறுவர் இலக்கியத்திலிருந்து ஆண்டுக்கு ஒரு நூலை எடுத்துக்கொண்டு, பெரும்பாலும் ஜனவரியில் தொடங்கி டிசம்பரில் முடிப்பார்கள். ‘உலக இலக்கிய அரங்கம்’ என்று பொருள்படும் பெயர் நாளடைவில் அதற்கு நிலைத்தது. நிப்பான் அனிமேஷன் நிறுவனம் தயாரித்து, 1975 முதல் 1997 வரை புஜி தொலைக்காட்சியில் இடைவிடாது ஒளிபரப்பான தொடர்வரிசை அது.

மெலிந்த நூல் ஒன்றை ஓராண்டுக் காலம் நீட்டினால் மோரில் நீரைப் பெருக்கியது போல் ஆகாதா என்று இலக்கியம் பயில்வோர் கேட்பது இயல்பே. அக்கேள்விக்கு விடை தேடியே நான் இத்தொடர்களைப் பார்த்தேன்.

இவற்றுக்கெல்லாம் வழிகாட்டியது 1974இல் வெளியான ‘ஹெய்டி’. ஸ்விட்சர்லாந்து நாட்டு எழுத்தாளர் ஜோஹன்னா ஸ்பைரியின் புதினம் அது. இசாவோ தகாஹாத்தா இயக்கினார். காட்சிகளின் அமைப்பை வரைந்தவர் ஹயாவோ மியாசாகி. பின்னாளில், 1985இல், கிப்லி படநிறுவனத்தைத் தொடங்கியவர்களுள் முதன்மையானவர்கள் இவ்விருவரும். தொடரைத் தொடங்குமுன், 1973இல், குழுவினர் ஸ்விட்சர்லாந்துக்கே சென்று மலைகளையும் வீடுகளையும் பார்த்துக் குறிப்பெடுத்து வந்தனர். வாரக் கார்ட்டூன் ஒன்றுக்காக அத்தனை தொலைவு செல்வது அன்று கேள்விப்படாத செய்தி.

இங்கே தொழில்நுட்பம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். திரைப்படச் சுருளில் ஒரு நொடிக்கு 24 படங்கள் ஓடுகின்றன. அத்தனையையும் தனித்தனியே வரையப் பொருளும் காலமும் இல்லாத தொலைக்காட்சியில், ஒரே சித்திரத்தை மூன்று முறை படம்பிடித்து, நொடிக்கு எட்டுச் சித்திரங்களில் முடித்துக்கொள்வது வழக்கம். எனவே பறப்பதும் வெடிப்பதும் எளிது. அவை எப்படியிருந்தாலும் எவரும் குறை சொல்லப் போவதில்லை. தாத்தா பாலாடைக் கட்டியை நெருப்பில் வாட்டி, அது உருகும் வேளையில் ரொட்டியின் மீது எடுத்து வைப்பதுதான் கடினம். சாப்பாடு கையில் எப்படி இருக்கும் என்பது பார்ப்பவர் அனைவருக்கும் தெரியுமல்லவா? ஹெய்டியில் இக்காட்சியைக் கண்டபோது எனக்குப் பசித்தது என்பதைத் தவிர அதற்கு வேறு பாராட்டுரை வேண்டியதில்லை.

நீட்டியதன் பயனை முழுமையாகக் காட்டுவது 1976இல் வந்த ‘தாயைத் தேடி மூவாயிரம் காதம்’. இதன் இயக்குநரும் தகாஹாத்தாவே. மூலம் புதினம் கூட அன்று. எட்மண்டோ டி அமிச்சிஸ் என்னும் இத்தாலிய எழுத்தாளர் 1886இல் வெளியிட்ட ‘குவோரே’ (இதயம்) என்ற நூல், பள்ளி மாணவன் ஒருவனின் நாட்குறிப்பாக அமைந்தது. அதில் ஆசிரியர் மாதம் ஒரு கதை தருவார். மே மாதக் கதைதான் இது. ஒரே அமர்வில் படித்துவிடலாம். ஜெனோவா நகரத்துச் சிறுவன் மார்க்கோ, அர்ஜென்டினாவுக்கு வேலைக்குச் சென்று செய்தியற்றுப்போன தாயைத் தேடிக் கப்பலேறுகிறான். அக்காலத்தில் பிழைப்புத் தேடி இத்தாலியர் பெருந்திரளாக அந்நாட்டுக்குச் சென்றனர் என்பது வரலாறு. மூலக்கதையில் குடும்பம் ஏதோ இடர்ப்பாடுகளால் கடன்பட்டது என்று மட்டும் வரும். சில பக்கங்களிலேயே கப்பல் புறப்பட்டுவிடும்.

தொடரில் அப்படியில்லை. முதல் மூன்று மாதங்களும் ஜெனோவாவிலேயே கழிகின்றன. தாய் பிரியும் நாளை முதல் வாரமே காட்டிவிடுகிறார்கள். அதன்பின் மார்க்கோ காசுக்காகப் பாட்டில் கழுவுகிறான், கடிதத்துக்குக் காத்திருக்கிறான், கோபித்துக்கொள்கிறான். தந்தைக்கு இங்கே புதுத் தொழில் ஒன்று தரப்பட்டுள்ளது. ஏழைகளுக்கான மருத்துவமனையை நடத்திக் கடனாளியானவர் அவர். ஊராருக்கு நன்மை செய்யப்போய் என் தாயை இழந்தேனே என்று மகன் மனத்தில் தந்தைமீது கசப்பு வளர்கிறது. மார்க்கோ நல்ல பிள்ளையாகப் படைக்கப்படவில்லை என்பதே இத்தொடரில் எனக்குப் பிடித்தது.

குறைகளும் உண்டு. மார்க்கோவின் தோளில் அமேதியோ என்ற குரங்கையும், ஹெய்டியின் வீட்டில் யோசேப் என்ற பெரிய நாயையும் ஏற்றிவிட்டார்கள். மூலங்களில் இவை இல்லை. ஸ்பைரியின் நூலுக்கு உயிர்நாடியான இறைநம்பிக்கையையும் பெரிதும் குறைத்துவிட்டனர். தாத்தாவின் மனமாற்றம் நூலில் பெறும் ஆழத்தைத் திரையில் பெறவில்லை என்பது என் கருத்து.

காலத்தின் வலிமையை 1975இல் வந்த ‘பிளாண்டர்ஸ் நாட்டு நாய்’ தொடரிலும் காணலாம். வீடா என்ற புனைபெயர் கொண்ட ஆங்கில எழுத்தாளரின் 1872ஆம் ஆண்டுக் கதை. ஏழைச் சிறுவன் நெல்லோவும் அவன் நாயும் ஆண்ட்வெர்ப் பேராலயத்தில், ரூபன்ஸின் ஓவியத்தருகே, குளிரில் இறக்கின்றனர். நூலில் அது சிறிது நேரத்துத் துயரம். ஜப்பானியச் சிறுவர்களோ ஓராண்டுக் காலம் வாரந்தோறும் பழகிய தோழனை டிசம்பர் 28 அன்று இழந்தார்கள். பிற்காலத்தில் அவர்கள் சுற்றுலாப் பயணிகளாக ஆண்ட்வெர்ப் வந்து நெல்லோவைப் பற்றி விசாரித்தபோது, உள்ளூரார் பலருக்கு அக்கதையே தெரிந்திருக்கவில்லை!

மார்க்கோவுக்கு வருவோம். அர்ஜென்டினாவில் கார்தோபா நகரை அடைந்தவனுக்கு, தாயிருக்கும் துகுமான் செல்ல ரயில் கட்டணம் கிடைத்துவிடுகிறது. அந்நகரில் அவனுக்கு உதவிய பழங்குடிச் சிறுவன் பாப்லோ. அவன் தங்கை ஹுவானா நோயில் கிடக்கிறாள். காசில்லாத வீட்டுக்கு மருத்துவர் வருவாரா? மார்க்கோ கையிலிருந்த கட்டணத்தை மருத்துவருக்குக் கொடுக்கிறான். டி அமிச்சிஸ் எழுதாத காட்சி இது. தந்தை செய்ததையே தானும் செய்கிறோம் என்று அவன் வாய்விட்டுச் சொல்ல வேண்டிய தேவையே இல்லை. ஜெனோவாவின் அத்தனை வாரங்களையும் பார்த்தவர்களுக்கு அது தெரியும். காசில்லாதவன் சரக்கு ரயிலில் ஒளிந்தேறி, பிடிபட்டு இறக்கிவிடப்படுகிறான். மாட்டு வண்டிக் கூட்டத்தோடு சிறிது தொலைவு. பிறகு பிய்ந்த காலணியோடு நடை. தாயின் படுக்கையருகே அவன் போய்ச் சேர்வது ஐம்பத்தோராவது வாரத்தில்.