எந்தக் கட்டிக்கு எந்தப் படம்?

குளிக்கும்போது மார்பில் கல் மாதிரி ஏதோ கையில் தட்டுப்படுகிறது. வலி இல்லை. உப்பூரில் பேருந்து ஏறி, தேவிபட்டினம் தாண்டி ராமநாதபுரம் வந்து மருத்துவரைப் பார்க்கும் பெண் முதலில் கேட்பது இதுதான்: “எந்த ஸ்கேன் எடுத்தா நல்லது டாக்டர்?”

அவர் வயது என்ன, மார்பகத்தின் திசு எப்படிப்பட்டது என்று தெரியாமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது.

மேமோகிராம் என்பது மார்பகத்துக்கான எக்ஸ்ரே. இரண்டு தட்டுகளுக்கு நடுவே மார்பை அழுத்தி எடுப்பார்கள். சில விநாடி வலிக்கும். 1913-இல் பெர்லினில் ஆல்பர்ட் சாலமன் என்ற அறுவை மருத்துவர், அறுத்தெடுத்த சுமார் 3,000 மார்பகங்களை எக்ஸ்ரேயில் பார்த்தபோது, புற்றுக்கட்டிகளில் நுண்புள்ளிகள் இருந்ததைக் கவனித்தார். அவை சுண்ணாம்புச் சத்துப் படிவுகள். மேமோகிராமின் பெரிய பலம் இன்றும் அதுதான். உப்பளத்தில் வேலை செய்பவர்களுக்குச் சொன்னால் உடனே புரியும்: பொடி உப்பைவிடச் சிறிய மணிகள், ஓரிடத்தில் கொத்தாக, ஒழுங்கற்ற வடிவில் கிடந்தால் சந்தேகம். பெரிதாக, அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்தால் பெரும்பாலும் பயமில்லை. கைக்கு எதுவும் தட்டுப்படாத காலத்திலேயே இந்த மணிகள் படத்தில் தெரிந்துவிடும்.

ஆனால் படத்தில் கொழுப்பு கறுப்பாகவும், பால்சுரப்பித் திசு வெள்ளையாகவும் விழும். கட்டியும் வெள்ளைதான். இளம்பெண்களுக்குச் சுரப்பித் திசு அடர்த்தி என்பதால், உப்புக் குவியலில் உட்கார்ந்த கொக்குபோலக் கட்டி மறைந்துவிடும். அமெரிக்காவிலும் கனடாவிலும் 49,528 பெண்களிடம் நடந்து 2005-இல் வெளியான ஆய்வில், 50 வயதுக்குக் கீழும் அடர்த்தியான மார்பகத்திலும் பழைய ஃபிலிமைவிட டிஜிட்டல் மேமோகிராம் கூடுதலாகக் கண்டுபிடித்தது.

இளம்பெண்களுக்கு முதலில் அல்ட்ராசவுண்ட். கதிர்வீச்சு கிடையாது. நீர்க்கட்டி என்றால் உள்ளே முழுக் கறுப்பு, அதன் பின்னால் வெளிச்சம். சாதாரண நார்க்கட்டி தோலுக்கு இணையாகப் படுத்த நீள்வட்டம். புற்று பல நேரம் அகலத்தைவிட உயரமாக, ஓரம் பிசிறு பிசிறாக நிற்கும். ஆனால் சுண்ணாம்பு மணிகள் இதில் சரியாகத் தெரியாது. கருவியைப் பிடிக்கும் கையின் அனுபவமும் முக்கியம்.

எம்.ஆர்.ஐ. மிக நுட்பமானது. ஊசியில் செலுத்தும் மருந்து, புற்று வளர்த்துக்கொண்ட புது ரத்தக் குழாய்களில் கசிந்து ஒளிரும். தீங்கில்லாத கட்டியும் சிலசமயம் அப்படி ஒளிர்ந்து பதறவைக்கும். அதனால் பரம்பரை மரபணுக் கோளாறு உள்ளவர்களுக்கே இது முக்கியமாகப் பரிந்துரைக்கப்படுகிறது.

எந்தப் படமும் இறுதித் தீர்ப்பு அல்ல. சந்தேகம் வந்தால் ஊசியால் சதை எடுத்துப் பார்க்கும் பயாப்சிதான் முடிவு சொல்லும். ஊசி குத்தினால் புற்று பரவிவிடும் என்று பயந்து தள்ளிப்போடுவதுதான் எனக்குப் பெரிய கவலை.

கருவி எட்டாத ஊருக்கும் வழி உண்டு. மும்பையில் டாட்டா நினைவு மருத்துவமனை 1998-இல் தொடங்கிய ஆய்வில், பயிற்சி பெற்ற பெண் பணியாளர்கள் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை கையால் பரிசோதித்தார்கள். 20 ஆண்டு முடிவில், 50 வயதும் அதற்கு மேலும் உள்ள பெண்களிடையே மார்பகப் புற்றுநோய் இறப்பு ஏறக்குறைய 30 சதவீதம் குறைந்திருந்தது.

30 வயது தாண்டிய பெண்களுக்கு அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இந்தக் கைப் பரிசோதனை இலவசம். உங்கள் அம்மாவையும் அக்காவையும் கூட்டிக்கொண்டு போங்கள். கட்டி வலிக்கவில்லை என்று மட்டும் இருந்துவிடாதீர்கள்.