தேநீர்ப் பிரியமும் சிறு வியாபாரமும்

காப்பி மணக்காத வீடு தமிழர் வீடாகுமா என்று கேட்பவர்கள் நம்மில் பலர் உண்டு. ஆயினும், பிழைப்பின் பொருட்டு வங்கத்திற்கு வந்து குடியேறிய நம் குடும்பங்களில், காலைக் காப்பிக்குரிய மதிப்பில் ஒரு பாதியை மாலைத் தேநீர் மெல்ல மெல்லப் பங்கு போட்டுக்கொண்டு விட்டது என்பதை மறுப்பதற்கில்லை. அடுத்த வீட்டு வங்காளி அன்பர்கள் பாலின்றிப் பொன்னிறமாக வடித்துத் தரும் ‘சா’வைப் பருகிப் பழகிய நம் இல்லத்தரசிகள், தேயிலையின் குணம் அறிந்தவர்களாகி விட்டனர். “இவ்வளவு நன்றாகப் போடுகிறீர்களே, மாமி! இந்தத் தூளை எங்களுக்கும் கொஞ்சம் வாங்கித் தரக்கூடாதா?” என்று அண்டை வீட்டார் கேட்கிறார்கள். அந்தக் கேள்வியில்தான் ஒரு சிறு வியாபாரத்தின் வித்து இருக்கிறது. சில வேளைகளில் ஒரு குடும்பத்தின் சேமிப்பை விழுங்கும் பள்ளமும் அங்கேயே இருக்கிறது.

நாம் அறிந்த இரு குடும்பங்களை இங்கே குறிப்பிடுவது பயன்படும். ஒருவர் பணி ஓய்வு பெற்றவர். கைக்கு வந்த பணத்தில் ஒரு பகுதியை முன்பணமாகக் கட்டிக் கடை பிடித்தார். ஆடி மாதத்து மழையில் ஒரே தடவையாக அறுபது கிலோ தேயிலை வாங்கி அடுக்கினார். தெரிந்தவர் அனைவருக்கும் கடன் கொடுத்தார். பத்து மாதத்தில் கடை மூடப்பட்டது. பெண்ணின் திருமணத்திற்கென்று ஒதுக்கியிருந்த தொகை அதோடு போயிற்று. மற்றவர் ஒரு சகோதரி. கணவரை இழந்து, இரு குழந்தைகளோடு குடும்ப ஓய்வூதியத்தில் காலந்தள்ளியவர். ஐந்து கிலோவில் ஆரம்பித்தார். ஐந்து கிலோவும் விற்றுப் பணம் கைக்கு வந்த பிறகே அடுத்த ஐந்து கிலோ வாங்கினார். இன்று அவருடைய மூத்த மகளின் கல்லூரிச் சம்பளம் தேயிலையிலிருந்தே வருகிறது. இருவருக்கும் தேநீரில் பிரியம் ஒன்றே. முறைதான் வேறு. அந்த முறையை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

தேயிலைச் சந்தையின் வாயிலில் நாம்

கொல்கத்தாவில் வாழும் நமக்கு ஒரு தனி வசதி உண்டு. 1839-இல் அஸ்ஸாம் தேயிலை முதன்முதலாக லண்டனில் ஏலம் போயிற்று. 1861-இல் கல்கத்தாவிலேயே ஏலம் தொடங்கியது. 1953-ஆம் ஆண்டுத் தேயிலைச் சட்டத்தின்படி 1954-இல் அமைந்த தேயிலை வாரியத்தின் தலைமையகமும் இந்நகரில்தான் இருக்கிறது. தார்ஜிலிங், டூயர்ஸ், அஸ்ஸாம் ஆகிய மூன்று நாட்டுச் சரக்கும் இங்கு வந்து சேர்கிறது. இலங்கை மலைகளிலும், நீலகிரியிலும், ஆனைமலையிலும் தலைமுறை தலைமுறையாகக் கொழுந்து கிள்ளியவர்கள் நம் தமிழ் மக்கள். அவர்கள் கைபட்ட பொருளை நாம் மதிப்போடு விற்பது தகும்.

ஆனால், ஏலத்தில் நாமே நேரே சென்று வாங்கலாம் என்று எண்ண வேண்டாம். அங்கு வாங்குவோர் வாரியத்தில் பதிவு பெற்றவர்களாக இருத்தல் வேண்டும். சரக்கும் பல மூட்டைகள் கொண்ட தொகுதியாகவே விலை பேசப்படும். நம் போன்றோர் நாட வேண்டியவர் மொத்த வியாபாரியே. ஒரே நாளில் மூன்று கடைகளுக்குச் சென்று, ஒவ்வொன்றிலும் ஐம்பது கிராம் மாதிரி வாங்கி வந்து, வீட்டில் ஒப்பிட்டுப் பார்த்த பிறகே விலை பேசுதல் நன்று.

வகை அறிதல்

தேயிலையில் இரு பெரும் வகைகள் உண்டு. இலையைச் சுருட்டிப் பதமாக்கும் பழைய முறையில் செய்யப்படுவது ‘ஆர்தடாக்ஸ்’. நசுக்கி, கிழித்து, குருணையாக உருட்டும் இயந்திர முறையில் செய்யப்படுவது ‘சி.டி.சி.’. இம்முறை 1930-களில் அஸ்ஸாமில் தோன்றியது. முன்னதில் மணம் மிகுதி. பின்னதில் நிறமும் கடுப்பும் மிகுதி. பால் சேர்த்துக் கொதிக்க வைக்கும் நம் வீட்டுத் தேநீருக்கு அஸ்ஸாம் சி.டி.சி.யே ஏற்றது. பாலின்றிப் பருகும் வங்காளி அன்பர்களுக்கு தார்ஜிலிங் இலை ஏற்றது. பங்குனி சித்திரையில் பறிக்கும் முதற் கொழுந்தில் பூமணமும், வைகாசி ஆனியில் பறிக்கும் இரண்டாங் கொழுந்தில் கனிந்த மணமும் இருக்கும். மழைக்காலப் பறிப்பில் அளவு அதிகம்; நயம் குறைவு.

இலையின் பருமனைக் கொண்டும் தரம் பிரிப்பர். முழு இலை, உடைந்த இலை, ‘ஃபானிங்ஸ்’ என்னும் குறுநொய், ‘டஸ்ட்’ என்னும் தூள் என்பன அத்தரங்கள். தூள் என்றால் மட்டம் என்று பொருளன்று. பொடி சிறுத்தால் சாறு விரைவில் இறங்கும். அதனாலேயே நம் தென்னாட்டுத் தேநீர்க் கடைகளில் தூளுக்கு மதிப்பு அதிகம். தெருவில் குடியிருப்போர் யார், அவர்கள் எவ்வாறு பருகுகிறார்கள் என்பதை அறியாமல் வாங்கிய சரக்கு எவ்வளவு உயர்ந்ததாயினும் அலமாரியில்தான் உறங்கும்.

இரண்டு மூன்று வகைகளைக் கலந்து தம் கைப்பக்குவமாக ஒரு கலவை செய்வது நல்ல வழியே. ஆனால் ஓர் எச்சரிக்கை. ‘தார்ஜிலிங்’ என்னும் பெயர் 2004-இல் புவிசார் குறியீடாகப் பதிவு பெற்றது. பிற தேயிலையோடு கலந்ததை அப்பெயரால் விற்பது முறையன்று, சட்டத்திற்கும் ஒவ்வாது.

சுவை பார்க்கும் முறை

தேநீரில் பிரியம் இருப்பது வேறு. தேயிலையை மதிப்பிடத் தெரிவது வேறு. பால், சர்க்கரை, இஞ்சி, ஏலம் ஆகியவை தேயிலையின் குறையை மறைத்துவிடும். ஆகையால் மாதிரியைச் சோதிக்கும்போது இவற்றை ஒதுக்கிவிட வேண்டும். நூறு மில்லிலிட்டர் கொதிநீருக்கு இரண்டு கிராம் தேயிலை. மூடி வைப்பது ஆறு நிமிடம். இதுவே சர்வதேசத் தர நிறுவனம் வகுத்த சோதனை முறை. எல்லா மாதிரிகளையும் ஒரே அளவில், ஒரே வகைக் கிண்ணத்தில், ஒரே நீரில் இறக்கி, நிறம், மணம், நாவில் தங்கும் துவர்ப்பு ஆகியவற்றைக் குறிப்பேட்டில் எழுதி வைக்க வேண்டும். எழுதாத சுவை மறுநாள் மறந்து போகும்.

இந்நகரில் தாகுரியாவை அடுத்த தட்சிணாபண் வளாகத்தில் தேநீர்க் கடை நிறுவிப் புகழ் பெற்ற டாலி ராய் அம்மையார், தேயிலைச் சுவைத் தேர்வாளராகப் பணி செய்தவர். முதலில் நாவுக்குப் பயிற்சி, பிறகே கடை என்ற அந்த வரிசை நமக்கும் பாடமாக அமையத்தக்கது.

கலப்படத்தைக் கண்டறிய வீட்டிலேயே இரு சோதனைகள் செய்யலாம். வடிதாளின் மேல் தேயிலையைப் பரப்பி, சில துளி நீர் தெளித்து, சற்று நேரம் கழித்து இலையை அகற்றித் தாளைக் கழுவி வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். சாயம் ஏற்றிய தேயிலையாயின் தாளில் கறை அழுத்தமாகப் படியும். காந்தம் ஒன்றைத் தூளினூடே நகர்த்தினால் இரும்புத் துகள் இருந்தால் ஒட்டிக்கொள்ளும்.

காப்பது எப்படி?

ஆலையிலிருந்து வெளிவரும் தேயிலையில் ஈரம் மிகச் சொற்பமே. காற்றிலுள்ள ஈரத்தையும், அருகிலுள்ள பொருள்களின் வாசனையையும் அது பஞ்சு போல் இழுத்துக்கொள்ளும். நம் சமையலறையோ பெருங்காயமும், சாம்பார்ப் பொடியும், காப்பிப் பொடியும் குடியிருக்கும் இடம். அங்கே திறந்து வைத்த தேயிலை ஒரே வாரத்தில் தன் குணத்தை இழக்கும். பூஜை அலமாரியில் வைத்தால் கற்பூரம் மணக்கும். முன்னர்க் கூறிய அன்பரின் சரக்குக்கும் இதுவே நேர்ந்தது. சோப்புப் பெட்டிகளுக்கு அருகில் மழைக்காலம் முழுவதும் கிடந்த தேயிலையை எவரும் இரண்டாம் முறை கேட்கவில்லை.

இறுக மூடும் எவர்சில்வர் டப்பா அல்லது அலுமினியப் பூச்சுள்ள பை, தரையில் படாத அலமாரி, வெயில் படாத இடம், உலர்ந்த கரண்டி ஆகியவை போதும். மழைக்காலத்தில் இரண்டு வாரத் தேவைக்கு மேல் வாங்காதிருத்தல் உத்தமம்.

கணக்கு

ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கைப் பார்ப்போம். கிலோ 300 ரூபாய் வீதம் 5 கிலோ வாங்கினால் 1,500 ரூபாய். கால் கிலோவாகக் கட்டினால் 20 பொட்டலம். பைக்கும் சீட்டுக்கும் பொட்டலத்திற்கு 6 ரூபாய் வீதம் 120, போக்குவரத்து 80, ஆக முதலீடு 1,700 ரூபாய். சுவை பார்க்கக் கொடுப்பதில் ஒரு பொட்டலம் போய்விடும். மீதி 19 பொட்டலத்தை 110 ரூபாய் வீதம் விற்றால் 2,090 ரூபாய். மிஞ்சுவது 390 ரூபாய்.

இப்போது கடனைக் கணக்கில் சேர்ப்போம். இரண்டு பொட்டலத்திற்குப் பணம் வராவிட்டால் மிச்சம் 170 ரூபாயாகக் குறைகிறது. மூன்றுக்கு வராவிட்டால் 60 ரூபாய். நான்காவது பொட்டலமும் போனால் கையிலிருந்து 50 ரூபாய் நஷ்டம். பத்தொன்பது பேரில் நால்வர் ‘அடுத்த மாதம் தருகிறேன்’ என்றாலே வியாபாரம் கவிழ்ந்தது. வெளியூரில் ஒருவரையொருவர் நம்பி வாழும் நமக்குக் கடன் மறுப்பது சங்கடந்தான். ஆனால், ‘முதல் பொட்டலம் சுவை பார்க்க இலவசம்; அதன்பின் ரொக்கம்’ என்று ஆரம்பத்திலேயே சொல்லி வைத்தால் நட்பும் கெடாது, முதலும் கெடாது. அந்தச் சகோதரி கடைப்பிடித்த விதியும் இதுவே.

வீட்டுச் செலவுப் பணமும் தேயிலைப் பணமும் ஒரே டப்பாவில் கிடக்கலாகாது. தனி நோட்டு, தனிப் பை என இருத்தல் வேண்டும். நகையை அடகு வைத்தோ, வட்டிக்கு வாங்கியோ முதல் போடுவது வேண்டவே வேண்டாம்.

சட்டமும் உத்தியோகமும்

வீட்டில் பொட்டலம் கட்டி விற்பதும் உணவு வியாபாரமே. 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ், சிறு வியாபாரிகளும் பதிவு செய்துகொள்ள வேண்டும். பொட்டலத்தின் மேல் பொருளின் பெயர், நிகர எடை, கட்டிய நாள், அதிகபட்ச விலை, கட்டுபவரின் பெயர் முகவரி, பதிவு எண் ஆகியவை இருத்தல் அவசியம். சரக்கு சேவை வரியைப் பொறுத்தவரை, சிறு விற்பனையாளருக்குச் சொந்த மாநிலத்திற்குள் வரம்பு வரை விலக்கு உண்டு. ஆனால் மாநிலம் விட்டு மாநிலம் தேயிலை விற்றனுப்புவதாயின், விற்பனை எவ்வளவு சிறிதாயினும் வரிப் பதிவு வேண்டும். ஊரிலுள்ள உறவினர் பத்துப் பேர் விலைக்குக் கேட்டார்கள் என்று பார்சல் அனுப்பும் முன் இதனை நினைவிற் கொள்க.

நம் வாசகர் பலர் அரசாங்க உத்தியோகஸ்தர்கள். நம்மைப் போன்ற ரயில்வே ஊழியர்களும் பலர். அவர்களுக்குத் தனியாக ஒரு சொல். 1966-ஆம் ஆண்டு ரயில்வே ஊழியர் நடத்தை விதிகளின்படி, முன் அனுமதியின்றி ஊழியர் தாமே வியாபாரம் செய்யலாகாது. மனைவியோ குடும்பத்தில் மற்றவரோ வியாபாரம் செய்தால் அதனை நிர்வாகத்திற்கு எழுத்து மூலம் அறிவிக்க வேண்டும். அறிவித்த பின்னரும் அவ்வியாபாரத்திற்காக ஊழியர் ஆள் பிடிப்பது விதி மீறலே. பகல் உணவு நேரத்தில் சக ஊழியரிடம் ‘வீட்டுத் தேயிலை’ விற்பது சிறு விஷயமாகத் தோன்றலாம். மாதம் சில நூறு ரூபாய் லாபத்திற்காக, குடும்பமே நம்பியிருக்கும் உத்தியோகத்திற்குக் குந்தகம் தேடிக்கொள்ளுதல் அறிவுடைமையாகாது. எந்த அலுவலகமாயினும் அதன் விதியைப் படித்துப் பார்த்து, ஒரு கடிதம் எழுதிக் கொடுத்து, பிரதி ஒன்றை வைத்துக்கொண்டால் மனம் நிம்மதியாக இருக்கும்.

இல்லத்தரசிகளுக்கு

தேயிலை வியாபாரம் ஒரே ஆண்டில் மாடி வீடு கட்டித் தராது. மாதம் பத்துக் கிலோ, இருபது கிலோ என்று வளர்ந்து, குழந்தைகளின் புத்தகச் செலவையோ, மின்சாரக் கட்டணத்தையோ தாங்கினால் அதுவே பெரிது. அதனினும் பெரிதாக நாம் கருதுவது ஒன்றுண்டு. வெளியூரில், மொழி புரியாத தெருவில், நாள் முழுவதும் நான்கு சுவருக்குள் இருக்கும் நம் பெண்மணிகள், தேயிலைப் பொட்டலத்தோடு அண்டை வீட்டுக் கதவைத் தட்டுகிறார்கள், வங்காளி பேசக் கற்கிறார்கள், கணக்கு எழுதுகிறார்கள், தாம் ஈட்டிய ரூபாயைத் தம் கையால் எண்ணுகிறார்கள். கணக்கேட்டில் லாபம் என்று எழுத இயலாத லாபம் அது.

ஆகவே சகோதரிகளே, பிரியம் இருந்தால் தயங்க வேண்டாம். பிரியம் மட்டும் இருந்தால் அவசரப்படவும் வேண்டாம். ஐந்து கிலோவில் தொடங்குங்கள். ரொக்கத்திற்கு விற்றுங்கள். ஈரம் படாமல் காத்து வாருங்கள். பொட்டலத்தின் மேல் எழுதிய எடையை உள்ளேயும் குறையாமல் வையுங்கள். நேர்மையான எடையைத் தேடி வாடிக்கையாளர் தாமே வருவர்.