மடிநோயும் மருந்தின் வலிமையும்

மடி என்னும் சொல் தமிழில் பல பொருள் தருவது. பசுவின் பாற்பைக்கும் அது பெயர்; தூய்மைக்கும் அது பெயர்; சோம்பலையும் அச்சொல் குறிக்கும். கறவைப் பசுவுக்கு வரும் மடிநோயை ஆராயுங்கால் இம்மூன்று பொருளும் ஒருங்கே நினைவுக்கு வரும். தூய்மை குன்றிச் சோம்பல் மிகுந்த கொட்டிலில் அந்நோய் எளிதிற் பரவும்.

பேராக் மாநிலத்து ரப்பர்த் தோட்டங்களில் விடியலில் பால்மரம் வெட்டிய தமிழர் பலர், லயன் வீடுகளையொட்டிப் பசுவும் வளர்த்தனர். இந்தியாவிலிருந்து வந்த மாடுகளின் வழித்தோன்றல்கள் 'உள்ளூர் இந்தியக் கறவையினம்' என்றே மலேசியாவில் குறிக்கப்படுகின்றன. தோட்டங்கள் செம்பனைக் காடுகளாகவும் வீட்டுமனைகளாகவும் மாறவே, மேய்ச்சல் நிலம் சுருங்கிற்று. மிகுபால் தரும் கலப்பினப் பசுக்களும் பின்னர் வந்தன. பால் மிகுந்த பசுவுக்கு மடிநோய் வரும் வாய்ப்பும் மிகுதி.

நோய் புகும் வழி யாது? காம்பின் நுனியிலுள்ள நுண்துளை, கறந்தபின் அரைமணி நேரமேனும் முற்றும் மூடுவதில்லை. அவ்வேளையில் பசு சாணத்திற் படுத்தால் ஈ.கோலி என்னும் பாக்டீரியா உட்புகும். ஸ்டெஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்பதோ கறப்பவர் கைவழியே பசுவுக்குப் பசு தாவும். வீக்கமும் திரிந்த பாலும் காட்டும் நோயைவிட, அறிகுறியின்றி மறைந்திருக்கும் நோயே மிகுதியாகும். அதனை அறியும் எளிய சோதனை 1957இல் கலிபோர்னியாவில் வகுக்கப்பட்டது. பாலுடன் சோதனை நீர்மத்தைச் சேர்த்துச் சுழற்றினால் நோயுற்ற பால் கூழாகத் திரளும்.

1928இல் ஃபிளெமிங் கண்ட பெனிசிலின், 1940களில் பசுவின் மடிக்கும் மருந்தாயிற்று. ஆனால் பெனிசிலினைச் சிதைக்கும் நொதி சில பாக்டீரியாக்களிடம் உண்டு என்பது 1940லேயே வெளியாயிற்று. மருந்து கிருமிக்கு எதிர்ப்பைக் கற்பிப்பதில்லை. கோடிக்கணக்கானவற்றுள் தாங்கும் திறம் பெற்ற சில முன்னரே இருக்கும். மற்றவை மடிய, எஞ்சிய அவையே பெருகும். அத்திறத்தை அவை பிற பாக்டீரியாக்களுக்கும் வழங்கவல்லன. மெதிசிலினுக்கும் அடங்காத ஸ்டெஃபிலோகாக்கஸின் புதுவகை ஒன்று இங்கிலாந்துப் பசும்பாலிற் காணப்பட்டதாக 2011இல் அறிவிக்கப்பட்டது. அதே வகை மனிதரிடமும் இருந்தது. கொட்டிலில் வீணாகும் மருந்து மருத்துவமனையிலும் பயனற்றுப் போகக்கூடும் என்பதற்கு இதுவே சான்று. மனிதர்க்குக் கடைசிப் புகலான கோலிஸ்டினை, உணவுக்காக வளர்க்கும் கால்நடைகளுக்குக் கொடுப்பதை மலேசிய அரசு 2019இல் தடைசெய்ததும் இவ்வச்சத்தாலேயே.

ஆதலின் கிருமி இன்னதென அறிந்தபின் மருந்திடுவதே முறை. பால் மாதிரியை ஆய்வுக்கூடத்தில் வளர்த்து, எம்மருந்துக்கு அது அடங்கும் எனக் காணலாம். ஈப்போவில் 1948இல் தோன்றிய கால்நடை ஆராய்ச்சிக் கழகம் இத்தகைய நோயாய்வுக்கென அமைந்ததே. ஈ.கோலியால் வரும் மிதமான நோய் பலமுறை பசுவின் உடலாற்றலாலேயே நீங்கிவிடும். அங்கே ஆன்டிபயாட்டிக் வீண்.

மருந்து ஏற்ற பசுவின் பாலை, மருத்துவர் குறித்த நாள்வரை விற்கலாகாது. அப்பாலில் உறை ஊற்றினால் தயிர் சரியாகத் தோயாமற் போகும். உறையிலுள்ள நல்ல பாக்டீரியாக்களையும் மருந்து கொன்றுவிடும். அன்றாடப் பாலை நம்பி வாழும் சிறு மாட்டுக்காரர்க்குப் பாலைக் கொட்டுவது பேரிழப்பு. தமிழ்நாட்டுப் பேராசிரியர் புண்ணியமூர்த்தி, சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம் சேர்த்தரைத்து மடியிற் பூசும் முறையைப் பரப்பினார். இந்தியத் தேசியப் பால்வள வாரியமும் அதனை ஊக்குவிக்கிறது. எனினும் காய்ச்சலுற்றுத் தீனி மறுக்கும் பசுவுக்கு மருத்துவரை அழைப்பதே தக்கது.

வருமுன் காத்தல் இவற்றினும் எளிது. கறப்பவர் கைகழுவுதல், மடியைக் கழுவித் தனித்தனித் துணியால் துடைத்தல், கறந்தபின் காம்பை அயோடின் கரைசலில் நனைத்தல், நோயுற்ற பசுவை இறுதியிற் கறத்தல் ஆகியவை போதும். கறந்தவுடன் தீனி வைத்தால் பசு நின்றபடியே மேயும். அதற்குள் காம்புத்துளையும் மூடிக்கொள்ளும்.