பாட்டிமார் கேட்கும் 14 கேள்விகள்

மருத்துவ வினாநிரல் ஒன்றை வேற்றுமொழிக்குக் கொண்டுசெல்வதற்கு உலகெங்கும் வழக்கிலுள்ள நடைமுறை, ஒருவர் பெயர்த்ததை மூலத்தைப் பார்த்திராத இன்னொருவரைக் கொண்டு மீண்டும் மூலமொழிக்கே பெயர்க்கச் செய்து, இரண்டையும் ஒப்பிட்டுப் பிழை களைவதாகும். மீள்பெயர்ப்பு எனப்படும் இம்முறை சொற்பிழையைக் காட்டிக்கொடுக்குமே ஒழிய, அந்தக் கேள்வி அந்த ஊரில் கேட்கத் தகுந்ததுதானா என்பதைச் சொல்லாது. காய்ச்சலை அளக்க வெப்பமானி உண்டு. மனச்சோர்வை அறிய நோயாளியின் சொல்லையே பெரிதும் நம்ப வேண்டியிருப்பதால், உளநலத் துறையில் இக்குறை கூடுதலாக உறுத்துகிறது.

1990-களில் ஜிம்பாப்வேயின் தலைநகர் ஹராரேயில் பணியாற்றிய இந்திய உளமருத்துவர் விக்ரம் படேலும் அந்நாட்டுச் சகாக்களும் வேறு முனையிலிருந்து தொடங்கினர். சுகாதார நிலையங்களுக்கும் மரபு வைத்தியர்களிடமும் வரும் மக்கள் தம் துயரத்தை ஷோனா மொழியில் எவ்வாறு சொல்கிறார்கள் என்று திரட்டி, அச்சொற்களிலிருந்தே ஷோனா அறிகுறி வினாநிரலை அமைத்தனர். கடந்த ஒரு வாரத்தைப் பற்றி அது கேட்கும் 14 கேள்விகளில் முதலாவது, பலவற்றையும் ஓயாமல் யோசித்துக்கொண்டிருந்தீர்களா என்பது. ஷோனா மக்கள் 'குஃபுங்கிசிசா' என்று சொல்லும், யோசனை மிகுந்துபோன நிலையை அது தொடுகிறது. கெட்ட கனவு, அற்ப விஷயத்துக்குக் கோபம், வேலை பின்தங்குதல், அழ வேண்டும்போல் இருத்தல் ஆகியவற்றோடு வயிற்றுவலியும் பட்டியலில் உண்டு. துயரத்தை உடம்பின் வழியே சொல்லும் நோயாளியை விவரம் தெரியாதவர் என்று ஒதுக்காமல், அவர் சொன்னதை அறிகுறியாகவே ஏற்றுக்கொண்டதுதான் இவ்வினாநிரலின் தனிச்சிறப்பு. அமெரிக்க உளமருத்துவச் சங்கம் 2013-இல் வெளியிட்ட நோய்வகைப்பாட்டுக் கையேடும் 'குஃபுங்கிசிசா'வைப் பண்பாடு சார்ந்த துயர வெளிப்பாடுகளுள் ஒன்றாகக் குறிப்பிடுகிறது.

கேள்வி உள்ளூரின் மொழியில் அமைந்துவிட்டாலும், அதைக் கேட்க ஆள் வேண்டுமே. உளமருத்துவர்கள் விரல்விட்டு எண்ணத்தக்க அளவிலேயே இருந்த அந்நாட்டில், 2006-இல் டிக்சன் சிபாண்டா என்னும் உளமருத்துவர், ஹராரேயின் ம்பாரே பகுதியில் சமூக நலப் பணியாளர்களாக இருந்த 14 பாட்டிமாருக்குப் பயிற்சியளித்தார். அதற்கு முந்தைய ஆண்டில்தான் அரசின் குடிசை அகற்றும் நடவடிக்கையால் நாடெங்கும் சுமார் 7,00,000 பேர் வீட்டையோ பிழைப்பையோ இழந்திருந்தனர். பாட்டிமார் வருவோரோடு அமர்ந்து பேசுவதற்காகச் சுகாதார நிலைய வளாகத்தில் மரத்தடியில் போடப்பட்ட பெஞ்சுக்கு முதலில் 'மனநல இருக்கை' என்று பெயரிட்டபோது அதில் உட்கார எவரும் முன்வரவில்லை. பாட்டிமாரின் யோசனைப்படி அது 'நட்பு இருக்கை' ஆயிற்று. பயிற்சி தந்தவரைப் பயிற்சி பெற்றவர்கள் திருத்திய இடம் இது.

அங்கே பாட்டிமார் அளிக்கும் சிகிச்சை, பிரச்சினை தீர்வு முறை எனப்படும் எளிய வகையைச் சேர்ந்தது. மனத்தைத் திறத்தல், தூக்கி நிறுத்துதல், வலுப்படுத்துதல் எனப் பொருள்படும் மூன்று ஷோனாச் சொற்களே அதன் படிகள். வந்தவர் தம் சுமைகளையெல்லாம் சொல்லி, அவற்றுள் ஒன்றை மட்டும் தேர்ந்து, அதற்குச் செய்யக்கூடிய ஒரு காரியத்தைப் பாட்டியோடு சேர்ந்து வகுத்துக்கொள்கிறார். ஆறு அமர்வுகளை ஒட்டி அவர் ஒரு குழுவில் சேர்கிறார். அங்கே பெண்கள் பழைய பிளாஸ்டிக்கைக் கொண்டு பை பின்னியபடி பேசுகிறார்கள்.

2016 டிசம்பரில் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் இதன் சோதனை முடிவு வெளியாயிற்று. 24 சுகாதார நிலையங்களில், வினாநிரலில் 9 அல்லது அதற்கு மேல் மதிப்பெண் பெற்ற 573 பேர் சேர்க்கப்பட்டனர். ஆறு மாதம் கழித்து, வழக்கமான கவனிப்பைச் சற்று மேம்படுத்திப் பெற்றவர்களில் 49.9 விழுக்காட்டினரிடம் மனச்சோர்வு அறிகுறிகள் இருக்க, பெஞ்சில் அமர்ந்தவர்களில் அது 13.7 விழுக்காடாக இருந்தது. இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: மனச்சோர்வை அளக்க இந்த ஆய்வு, மேலைநாட்டில் உருவாகி ஷோனாவுக்குப் பெயர்க்கப்பட்ட ஒன்பது கேள்விப் பட்டியலையும் பயன்படுத்தியது. அதுவும் அங்கே சரிபார்க்கப்பட்டு ஓரளவு நன்றாகவே வேலை செய்தது என்பதால், பெயர்ப்பு முற்றிலும் வீண் என்று வாதிட இடமில்லை.

பின்னர் மலாவி, சான்சிபார், நியூயார்க் எனப் பெஞ்ச் பரவியது. நியூயார்க்கில் அதில் அமர்ந்து கேட்டவர்கள் பாட்டிமார் மட்டும் அல்லர். போதைப்பழக்கத்திலிருந்தும் உளநோயிலிருந்தும் தாமே மீண்டு வந்தவர்களும் அவர்களுள் இருந்தனர்.